பேரப்பிள்ளை வீட்டில் ஐந்தாண்டு: பெற்றோருக்கான நீண்டகால விசா

பழனி மலையின் அடிவாரத்தில், மருதாநதி அணைக்குப் பக்கத்தில் இருக்கும் அய்யம்பாளையம் தென்னைக்குப் பேர்போன ஊர். 'அய்யம்பாளையம் நெட்டை' என்று ஒரு தென்னை ரகமே இந்த ஊரின் பெயரில் வழங்குகிறது. இப்படிப்பட்ட ஊர்களிலிருந்து படித்து முன்னேறிய பிள்ளைகள் இன்று டொராண்டோவிலும் மெல்பர்னிலும் வேலை பார்க்கிறார்கள். தோப்பையும் வீட்டையும் பார்த்துக்கொண்டு பெற்றோர் இங்கே இருக்கிறார்கள்.

முதல் பயணம் பெரும்பாலும் மகளின் பேறுகாலத்துக்காக நடக்கிறது. "மூணு மாசம் இருந்து குழந்தையைப் பார்த்துட்டு வந்துர்றேன்" என்று அம்மா கிளம்புவார். பிறகு இரண்டாவது குழந்தை வரும். மகளுக்கும் மருமகனுக்கும் வேலை, குழந்தைக் காப்பகத்துக்குக் கட்டுப்படியாகாத செலவு, அம்மாச்சியை விட்டு நகராத பேத்தி. தோப்பில் ஏறி இறங்க முடியாமல் அப்பாவுக்கும் வயதாகியிருக்கும். "ரெண்டு பேரும் வந்து கொஞ்ச வருஷம் இருங்க" என்று பிள்ளைகள் கேட்கும்போது சாதாரணச் சுற்றுலா விசா போதாது. நிரந்தரமாகக் குடியேற ஊரை விட்டுவிடவும் மனம் வராது. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பெற்றோருக்காகவே இந்த அத்தியாயம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். விசாவின் ஆயுள் வேறு. ஒருமுறை போனால் எத்தனை நாள் தங்கலாம் என்பது வேறு. இந்த வேறுபாடு தெரியாமல் பணத்தை இழந்த குடும்பங்கள் உண்டு, அனுமதிக்கு மேல் தங்கி அடுத்த விசாவையே இழந்த குடும்பங்களும் உண்டு. அமெரிக்கா இந்தியர்களுக்குத் தரும் பி1, பி2 வருகை விசா பொதுவாகப் பத்தாண்டு செல்லும். ஆனால் ஒவ்வொரு முறையும் விமான நிலையத்தில் அதிகாரி கொடுப்பது வழக்கமாக ஆறு மாத அனுமதிதான். பிரிட்டனில் இரண்டு, ஐந்து, பத்தாண்டு வருகை விசாக்கள் கிடைக்கின்றன. அங்கும் ஒரு தடவைக்கு ஆறு மாதமே. ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் கூடாது.   

பெற்றோரை உண்மையிலேயே நீண்ட காலம் தங்கவிடும் நாடுகள் சிலவே. கனடாவின் சூப்பர் விசா அவற்றில் தாராளமானது. அதை விரிவாகப் பார்ப்போம். ஆஸ்திரேலியா 2019இல் தொடங்கிய 870 எண் பெற்றோர் விசாவில் மூன்று அல்லது ஐந்தாண்டு தங்கலாம். புதுப்பித்து மொத்தம் பத்தாண்டு வரை போகலாம். ஆனால் முதலில் பிள்ளை ஸ்பான்சராக அங்கீகாரம் பெற வேண்டும், ஆண்டுக்கு 15,000 விசா என்ற உச்சவரம்பு உண்டு, பெற்றோர் அங்கே வேலை செய்யக் கூடாது. கட்டணமும் கனமானது. தொடங்கிய ஆண்டிலேயே ஒருவருக்கு மூன்றாண்டுக்கு 5,000, ஐந்தாண்டுக்கு 10,000 ஆஸ்திரேலிய டாலர். பிறகு அது ஏறியிருக்கிறது. நியூசிலாந்து 2025 செப்டம்பர் இறுதியில் பெற்றோருக்கென ஐந்தாண்டு விசாவைத் திறந்தது. சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருக்கும் பிள்ளையின் மாதச் சம்பளம் குறைந்தது 12,000 சிங்கப்பூர் டாலராக இருந்தால் பெற்றோருக்கு நீண்டகால வருகை அனுமதி கேட்கலாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் பெற்றோருக்கு ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் குடியிருப்பு அனுமதி. ஜெர்மனி, 2024 மார்ச் முதல் தேதிக்குப் பிறகு குடியிருப்பு அனுமதி பெற்ற திறன்பணியாளர்கள் பெற்றோரை அழைத்துக்கொள்ள வழி திறந்தது; ஆனால் வயதானவர்களுக்கு அங்கே மருத்துவக் காப்பீடு எடுப்பது மலையேறுவதைவிடக் கடினம்.

எந்த நாடாக இருந்தாலும் வேலை தொடங்குவது சொந்த ஊரில்தான். தென்னை விவசாயியின் வாழ்க்கை காகிதத்தில் இருப்பதில்லை. பிறப்பு வீட்டில் நடந்தது. கல்யாணத்துக்கு ஊரே சாட்சி. தேங்காய் வெட்டுக் காசு கையில் வரும், கையிலேயே போகும். அறுபது ஆண்டு நேர்மையாக வாழ்ந்த மனிதரை, அவரைப் பார்த்தே இராத ஓர் அதிகாரி காகிதத்தை மட்டும் வைத்துப் புரிந்துகொள்ள வேண்டும். விண்ணப்பம் என்பது அந்த வாழ்க்கையை உள்ளபடியே காகிதத்தில் ஏற்றும் வேலை. அதற்கு ஓராண்டு முன்பே உட்கார வேண்டும். டிக்கெட் தேதியைக் குறித்துவிட்டுப் பின்னோக்கி ஓடுகிறவர்கள்தான் ஏஜென்டுகளிடம் மாட்டுகிறார்கள்.

பாஸ்போர்ட்டிலிருந்து தொடங்கலாம். திண்டுக்கல் மாவட்டம் மதுரை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது. விண்ணப்பத்தில் முதல் சிக்கல் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயரின் முதல் எழுத்துதான் தலைப்பெழுத்து. பாஸ்போர்ட்டோ குடும்பப் பெயர், இடப்பட்ட பெயர் என்று இரண்டு கட்டங்களை வைத்திருக்கிறது. ஒன்றைக் காலியாக விட்டால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் தெரியாதவர் என்ற குறிப்போடு அச்சாகி வரும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் 21 முதல், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு வருகை விசாவில் வருகிறவர்களை ஏற்க மறுத்தது. அந்தச் சமயத்தில் தமிழ்நாட்டிலிருந்து துபாய் போகவிருந்த எத்தனையோ பெற்றோர் தவித்தார்கள். ஆகவே புதிதாக எடுக்கும்போதே தலைப்பெழுத்தை விரித்து, தகப்பனார் பெயரையோ கணவர் பெயரையோ குடும்பப் பெயர்க் கட்டத்தில் முழுதாக எழுதிவிடுவது நல்லது. எழுதியதை ஆதாரிலும் பான் அட்டையிலும் அதே எழுத்துக்கூட்டலில் கொண்டுவர வேண்டும். வள்ளியம்மாள் என்ற பெயரை ஆங்கிலத்தில் ஐந்து விதமாக எழுத இடமிருக்கிறது. ரேஷன் கார்டில் ஒன்று, பத்திரத்தில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் ஒன்று என்றுதான் பெரும்பாலும் இருக்கும். எல்லாவற்றையும் மாற்ற முடியாவிட்டால் பாஸ்போர்ட், ஆதார், வங்கி ஆகிய மூன்றையாவது ஒன்றாக்கி, மீதிக்கு இந்தப் பெயர்களெல்லாம் ஒரே நபருடையவை என்று நோட்டரி முன்னிலையில் பிரமாணப் பத்திரம் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

கையிலிருக்கும் பாஸ்போர்ட்டுக்கு இன்னும் எத்தனை ஆண்டு ஆயுள் என்பதையும் பார்க்க வேண்டும். கனடா விசா அதிகபட்சம் பத்தாண்டு என்றாலும் பாஸ்போர்ட் காலாவதியாகும் நாளைத் தாண்டிப் போகாது. மூன்றாண்டு மட்டுமே மிச்சமிருக்கும் பாஸ்போர்ட்டில் விண்ணப்பித்தால் மூன்றாண்டு விசாதான். முதலில் புதுப்பித்துவிட்டுப் பிறகு விண்ணப்பிப்பதே லாபம். பத்தாவது படிக்காத பெரியவர்கள், பாஸ்போர்ட்டில் குடிபெயர்வுச் சோதனைக் குறிப்பு இருந்தால் விமான நிலையத்தில் நிறுத்துவார்களோ என்று பயப்படுவதுண்டு. அந்தச் சோதனை சில குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கானது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அது பொருந்தாது.

அடுத்து உறவுச் சான்று. இவர்கள்தான் என் அப்பா அம்மா என்று பிள்ளை நிரூபிக்க வேண்டும். பெற்றோர் இருவர் பெயரும் உள்ள பிள்ளையின் பிறப்புச் சான்றிதழே இதற்கு முதன்மையானது. 1970களிலும் 80களிலும் பிறந்தவர்களின் சான்றிதழ்களில் குழந்தையின் பெயர்க் கட்டம் வெறுமையாக இருப்பது வழக்கம், பதிவு செய்தபோது பெயர் வைத்திருக்க மாட்டார்கள். பெயர் சேர்க்க 15 ஆண்டு வரம்பு உண்டு. அரசு அதை அவ்வப்போது நீட்டித்திருக்கிறது. எனவே பேரூராட்சி அலுவலகத்திலோ பதிவு நடந்த மருத்துவமனைப் பகுதியின் பதிவாளரிடமோ முதலில் விசாரிக்க வேண்டும். பிறப்பே பதியப்படவில்லை என்றால் பதிவு இல்லை என்ற சான்றை வாங்கிக்கொண்டு தாமதப் பதிவுக்குப் போகலாம். 2023 அக்டோபர் முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, ஓராண்டுக்கு மேற்பட்ட தாமதத்துக்கு மாவட்ட ஆட்சியரோ சார் கோட்ட நடுவரோ அதிகாரம் பெற்ற நிர்வாக நடுவரோ ஆணையிட வேண்டும். சாட்சிகள், பள்ளிச் சான்று, விசாரணை என்று மாதக்கணக்கில் இழுக்கும்.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு விஷயம். இந்தியப் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தாய் தந்தை பெயர்கள் அச்சிட்டு வந்திருக்கின்றன. உறவைக் காட்ட அது ஓர் அருமையான துணை ஆவணம். ஆனால் பிள்ளை கனடியக் குடியுரிமை வாங்கிவிட்டால் கனடியப் பாஸ்போர்ட்டில் பெற்றோர் பெயர் இருக்காது. இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கும்போது ரத்து முத்திரை குத்தித் திருப்பித் தருவார்கள். அதைத் தூக்கிப் போடாமல் பத்திரப்படுத்தி, எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து வைப்பது பிள்ளையின் கடமை.

திருமணச் சான்றும் கேட்கப்படலாம். தமிழ்நாட்டில் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 2009 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய இந்துத் திருமணத்தை 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சார்பதிவாளர் அலுவலகத்தில் இப்போதும் பதியலாம். நாற்பது ஆண்டுக்கு முந்தைய கல்யாணப் பத்திரிகை பெட்டியடியில் கிடைத்தால் அதுவே பெரிய உதவி. அறுபதாம் கல்யாணத்தை ஒட்டிச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் ஒரு நடை போய்வரலாம்.

கனடாவின் விசா அதிகாரி பார்க்கும் பெரிய கேள்வி, இவர்கள் திரும்பி வருவார்களா என்பது. ஊரோடு இருக்கும் பிடிப்பு, பயணத்தின் நோக்கம், குடும்ப நிலை, பணவசதி எல்லாம் எடைபோடப்படும். நிலமுள்ள விவசாயிக்கு இதில் கவலை இருக்கக் கூடாது. ஆனால் கவலை அங்கேதான் வருகிறது. விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது, ஆகவே கணக்குத் தாக்கல் செய்த ரசீது இல்லை. மாதச் சம்பளச் சீட்டும் இல்லை. அதனால் வேறு காகிதங்களைச் சேர்க்க வேண்டும். பட்டா, சிட்டா, கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல், வீட்டு வரி ரசீது, கூட்டுறவுச் சங்கக் கடன் கட்டிய ரசீது, தேங்காய் வியாபாரி கொடுத்த எடைச்சீட்டும் பில்லும், இ-சேவை வழியாக வாங்கும் வருமானச் சான்று. வெட்டுக் காசை வியாபாரியிடமிருந்து வங்கிக் கணக்கிலேயே வாங்கும் பழக்கத்தை ஓராண்டு முன்பே தொடங்கிவிட்டால், அந்தக் கணக்குப் புத்தகமே நல்ல சாட்சி. ஒவ்வொரு வெட்டுக்கும் பணம் வந்து, உரத்துக்கும் கூலிக்கும் போய், மிச்சம் நிற்பதை எந்த அதிகாரியும் படித்துப் புரிந்துகொள்வார். விண்ணப்பத்துக்கு ஒரு வாரம் முன்பு யாரிடமோ வாங்கிப் போட்ட பத்து லட்சத்தையும் அவர் அப்படியே படித்துவிடுவார்.

தமிழில் உள்ள ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு தேவை. அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் அல்லாதவர் செய்தால், மொழிபெயர்ப்பு சரியானது என்று அவர் கொடுக்கும் பிரமாணப் பத்திரத்தையும் கனடா கேட்கிறது. குடும்பத்தில் உள்ளவரே மொழிபெயர்த்தால் ஏற்க மாட்டார்கள்.

இனி சூப்பர் விசாவின் உள்விவரம். கனடா இதை 2011 டிசம்பரில் கொண்டுவந்தது. நிரந்தரக் குடியேற்றத்துக்கான பெற்றோர் ஸ்பான்சர் திட்டத்தில் காத்திருப்போர் வரிசை நீண்டுகொண்டே போனதுதான் காரணம். அந்தத் திட்டத்துக்கு விருப்பப் படிவத்தை 2020 இலையுதிர் காலத்தில் திறந்தார்கள்; அதன்பின் பல ஆண்டுகள் அந்தப் பட்டியலிலிருந்தே அழைத்துவந்தார்கள். ஆகவே நடைமுறையில் பெரும்பாலான பெற்றோருக்குத் திறந்திருக்கும் கதவு சூப்பர் விசாதான். தொடக்கத்தில் ஒரு தடவைக்கு இரண்டாண்டு தங்கலாம். 2022 ஜூலை 4 முதல் அது ஐந்தாண்டு ஆனது. உள்ளே இருந்தபடியே மேலும் நீட்டிக்கவும் விண்ணப்பிக்கலாம். கனடியக் குடிமகன் அல்லது நிரந்தரவாசியாக உள்ள பிள்ளையோ பேரப்பிள்ளையோ அழைக்கலாம். பெற்றோரோடு அவர்களை அண்டியிருக்கும் இன்னொரு பிள்ளையை இதே விசாவில் கூட்டிப்போக முடியாது.

அழைக்கும் பிள்ளை ஒரு கடிதம் எழுத வேண்டும். பெற்றோர் தங்கும் காலம் முழுவதும் செலவைத் தானே பார்த்துக்கொள்வதாக உறுதி, வீட்டில் எத்தனை பேர் என்ற கணக்கு, தன் குடியுரிமை அல்லது நிரந்தரவாசி ஆவணத்தின் நகல் இதில் சேரும். வருமானம் கனடா அரசு ஆண்டுதோறும் வெளியிடும் குறைந்தபட்ச அளவைத் தாண்டியிருக்க வேண்டும். அட்டவணையைப் பார்க்கும்போது பலர் தலைக்கணக்கில் தவறுகிறார்கள். மகன், மருமகள், இரண்டு குழந்தைகள் என்று நான்கு பேருக்கான தொகையைப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைந்துவிடுவார்கள். அழைக்கப்படும் பெற்றோர் இருவரும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். ஆக ஆறு பேருக்கான வரியைப் பார்க்க வேண்டும். மகன் சம்பளம் மட்டும் போதாவிட்டால் மருமகளும் கடிதத்தில் கையெழுத்திட்டு இருவர் வருமானத்தையும் சேர்த்துக் காட்டலாம். கனடா வருவாய்த் துறையின் வரி மதிப்பீட்டு அறிவிப்பு, வேலை தரும் நிறுவனத்தின் கடிதம், சம்பளச் சீட்டுகள் இவற்றோடு போகும்.

மருத்துவக் காப்பீட்டைப் பற்றி ஒரு பக்கம் கூடுதலாகவே சொல்ல வேண்டும். சூப்பர் விசாவில் வரும் பெற்றோருக்குக் கனடாவின் மாகாண அரசுகள் தரும் இலவச மருத்துவம் கிடையாது. ஒரு நாள் மருத்துவமனையில் படுத்தாலே ஆயிரக்கணக்கான டாலர் பில் வரும். அதனால்தான் குறைந்தது 1,00,000 கனடிய டாலருக்கு, நாட்டுக்குள் நுழையும் நாளிலிருந்து ஓராண்டுக்குச் செல்லும் காப்பீட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். சிகிச்சை, மருத்துவமனைச் செலவு, தவறினால் உடலைத் திருப்பி அனுப்பும் செலவு மூன்றும் அதில் இருக்க வேண்டும். கனடிய நிறுவனத்திடம்தான் எடுக்க வேண்டும் என்று முன்பு இருந்தது. 2025 ஜனவரி 28 முதல், கனடாவின் நிதி நிறுவனக் கண்காணிப்பு அலுவலகம் அனுமதித்த வெளிநாட்டு நிறுவனங்களின் பாலிசியும் செல்லும். விலைப்பட்டியலை மட்டும் இணைத்தால் ஏற்க மாட்டார்கள். முழுதாகவோ முன்பணத்தோடு தவணையாகவோ பணம் கட்டிய பாலிசி வேண்டும். விசா மறுக்கப்பட்டால் பணத்தைத் திருப்பித் தரும் பாலிசியா என்பதைக் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

நம் பெரியவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ இருக்கிறது. முன்பே உள்ள நோய் என்ற பிரிவைச் சொல்லுக்குச் சொல் படிக்க வேண்டும். பயணத்துக்கு முந்தைய இத்தனை நாளில் நோய் நிலையாக இருந்திருக்க வேண்டும், மாத்திரையின் அளவு மாறியிருக்கக் கூடாது என்று பாலிசிகள் நிபந்தனை போடும். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு திண்டுக்கல் டாக்டர் மாத்திரையை மாற்றி எழுதினால், அங்கே மாரடைப்பு வரும் நாளில் அந்த ஒரு சீட்டைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிட இடமுண்டு. எனவே மருந்தைச் சீர்செய்யும் வேலையைச் சில மாதம் முன்பே முடித்துவிட வேண்டும். பிரீமியம் குறையும் என்பதற்காக நோயை மறைப்பது எல்லாவற்றையும்விட ஆபத்து. பின்னால் பணம் கேட்கும் நேரத்தில் பழைய மருத்துவச் சீட்டுகள் அத்தனையும் வெளியே வரும்.

விண்ணப்பத்தைக் கனடாவுக்கு வெளியே இருந்தபடிதான், ஆன்லைனில், நேரடியாகக் கனடா குடிவரவுத் துறையின் தளத்தில் போட வேண்டும். ஒருவருக்கு 100 டாலர். கைரேகைப் பதிவுக்கு 85, சேர்ந்து விண்ணப்பிக்கும் குடும்பத்துக்கு 170. படிவத்தில் நோக்கம் என்ற இடத்தில் சூப்பர் விசா என்றே தேர்ந்தெடுக்க வேண்டும். வெறும் வருகை என்று போட்டுவிட்டால் ஒரு தடவைக்கு ஆறு மாதம் தங்கும் சாதாரண வருகை விசாவாகவே பரிசீலிப்பார்கள். குடும்ப விவரப் படிவத்தில் எல்லாப் பிள்ளைகளையும் எழுத வேண்டும்: உள்ளூரில் கட்டிக்கொடுத்த மகள், துபாயில் இருக்கும் மகன், இறந்துபோன பிள்ளை உட்பட. எந்த நாடாவது எப்போதாவது விசா மறுத்திருந்தால் அதையும் சொல்லியாக வேண்டும். மறுக்கப்பட்டதை எழுதுவதால் விசா தானாகக் கைவிட்டுப் போகாது. மறைத்தது தெரிந்தால் பொய்த் தகவலுக்கான தடை ஐந்தாண்டு.

ஏஜென்டுகள் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். படிவம் நிரப்ப, ஸ்கேன் செய்ய ஆள் வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் எழுதியதற்கு முழுப் பொறுப்பு கையெழுத்திட்ட பெரியவருடையது. விசா நிச்சயம் என்று சொல்பவரிடமும், வங்கி இருப்பை நான் காட்டிக்கொள்கிறேன் என்று சொல்பவரிடமும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. விண்ணப்பக் கணக்கின் கடவுச்சொல் பிள்ளையிடம் இருக்க வேண்டும். அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் மகனோ மகளோ தமிழில் வாசித்துக் காட்டி, பெற்றோர் ஆம் என்று சொன்ன பிறகே பொத்தானை அழுத்த வேண்டும். தன் பெயரில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே விமானம் ஏறும் நிலை எந்தப் பெரியவருக்கும் வரக் கூடாது.

அடுத்தது சென்னைப் பயணம். கைரேகையும் புகைப்படமும் விசா மையத்தில் பதிய வேண்டும். 79 வயதைத் தாண்டியவர்களுக்கு விலக்கு உண்டு. ஒருமுறை பதிந்தால் பத்தாண்டு செல்லும். தேங்காய் உரித்தே தேய்ந்த விரல்களில் ரேகை விழாமல் போவது ரேஷன் கடையிலேயே பழக்கமான சங்கடம். பத்து நாள் முன்பிருந்து கைவேலையைக் குறைத்து, இரவில் எண்ணெய் தடவி வந்தால் கொஞ்சம் தேறும். பதியும் நேரத்தில் கை சுத்தமாகக் காய்ந்திருக்க வேண்டும். மருதாணியும் வேண்டாம். மருத்துவப் பரிசோதனையைக் கனடா அங்கீகரித்த குழு மருத்துவரிடம் மட்டுமே செய்ய முடியும். சொந்த டாக்டரின் சான்று செல்லாது. மார்பு எக்ஸ்ரே, ரத்தம், சிறுநீர் பார்ப்பார்கள். சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் பழைய அறுவைச் சிகிச்சைக் காகிதங்களையும் எடுத்துப் போக வேண்டும். திண்டுக்கல்லில் இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும்போது எழும்பூர். இரண்டு வேலையையும் அடுத்தடுத்த நாளில் முன்பதிவு செய்தால் முதியவர்களை இரண்டு தடவை அலைக்கழிக்க வேண்டியதில்லை.

விசா வரும்வரை சும்மா இருக்க முடியாது. ஐந்தாண்டுக்குத் தோப்பை யார் பார்ப்பது? பங்காளியிடம் வாய்வார்த்தையாக ஒப்படைத்துவிட்டுப் போய், திரும்பி வந்தபோது உறவே முறிந்த கதைகள் ஊருக்கு ஊர் கேட்கலாம். குத்தகை என்றால் காலம், தொகை, தண்ணீர் முறை, பட்டுப்போன மரத்துக்குப் பதில் கன்று வைக்கும் பொறுப்பு எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்த ஒப்பந்தத்தின் நகலை விசா விண்ணப்பத்தோடு இணைப்பதும் நல்லது. திரும்பி வரப்போகிறவர்கள்தான் ஐந்தாம் ஆண்டுக்கும் கணக்கு எழுதுவார்கள் என்று அதிகாரிக்குப் புரியும். அதிகாரப் பத்திரம் கொடுப்பதாக இருந்தால் பொது அதிகாரம் வேண்டாம். வரி கட்ட, மின்வாரியத்தில் மனு கொடுக்க, குத்தகைப் பணம் வாங்க என்று குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டும் தனி அதிகாரம் எழுதி, விற்கும் உரிமை இல்லை என்பதைச் சேர்த்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவது பாதுகாப்பு. ஓய்வூதியம் வாங்குபவர்கள் ஆண்டுதோறும் தர வேண்டிய வாழ்நாள் சான்றை வெளிநாட்டிலிருந்து எப்படித் தருவது என்று வங்கியில் கேட்டுவைக்க வேண்டும். முகம் காட்டிச் செல்பேசியிலேயே பதியும் ஜீவன் பிரமாண் முறையைக் கிளம்பும் முன் ஒருதடவை பழகிக்கொள்ளலாம்.

மருந்து விஷயத்தில் கனடா, ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்கு அதிகபட்சம் 90 நாள் மருந்தைக் கொண்டுவர அனுமதிக்கிறது. மருந்துகளை அட்டையைப் பிரிக்காமல், ஆங்கிலத்தில் எழுதிய மருத்துவச் சீட்டோடு கைப்பையில் வைக்க வேண்டும். தொண்ணூறு நாளுக்குள் அங்கே ஒரு டாக்டரைக் கண்டுபிடித்து, அதே மருந்துகளின் கனடியப் பெயரைக் கேட்டு வாங்கத் தொடங்குவது பிள்ளையின் வேலை. முதல் பயணத்தை ஏப்ரல், மே மாதத்தில் வைப்பது நல்லது. மலைக்காற்று தாண்டிக் குளிர் அறியாத உடம்பை நேராக டொராண்டோவின் ஜனவரிப் பனியில் இறக்குவது கொடுமை. வெயில் காலத்தில் போனால் தெருவைப் பழகலாம், பேருந்தைப் பழகலாம், ஸ்கார்பரோ போன்ற தமிழர் பகுதியென்றால் கடையில் தமிழிலேயே கீரை கேட்டு வாங்கலாம். வீட்டிலேயே அடைந்துகிடந்து மூன்றே மாதத்தில் திரும்பி வருகிறவர்கள் பெரும்பாலும் குளிர்காலத்தில் போய் இறங்கியவர்கள்தான்.

கனடா விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரியிடம் காட்ட மூன்று காகிதங்கள் கையில் இருக்க வேண்டும்: விசாவோடு கனடா அனுப்பிய கடிதம், பிள்ளையின் அழைப்புக் கடிதம், காப்பீட்டுப் பாலிசி. எத்தனை நாள் தங்கலாம் என்பதை முடிவுசெய்பவர் அந்த அதிகாரிதான். ஆங்கிலம் வராது என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கத் தயங்க வேண்டியதில்லை. "சூப்பர் விசா" என்ற இரண்டு சொல்லை எல்லோராலும் சொல்ல முடியும், அதைச் சொல்லியே பாஸ்போர்ட்டை நீட்ட வேண்டும். முத்திரை குத்திய பக்கத்தை அந்த மேசையை விட்டு நகரும் முன்பே பார்த்துவிடலாம். கையால் எழுதிய தேதி இருந்தால் அதுவே கடைசி நாள். தேதி எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தால் அங்கேயே பணிவாகக் கேட்க வேண்டும். வெளியே வந்தபின் திருத்துவது பெரும்பாடு. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் பிள்ளைக்கு அனுப்பி, தங்கும் அனுமதி முடியும் நாளையும் காப்பீடு முடியும் நாளையும் வீட்டு நாட்காட்டியில் குறித்து வைக்க வேண்டும். காப்பீட்டை அங்கிருக்கும் ஒவ்வோர் ஆண்டும் விடாமல் புதுப்பிக்க வேண்டும். நீட்டிப்பு வேண்டுமானால் அனுமதி முடிவதற்குக் குறைந்தது 30 நாள் முன்பு விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.